மிளகாய்க் காம்புப் பாடம்

“நீ இதையெல்லாம் படிப்பியா, இல்ல ஒட்டுறதோட சரியா?” என்று நிங்கம்மா மேடம் ஒருமுறை என்னிடம் கேட்டார். பசை காய்ந்துவிடும் என்று முனகிவிட்டு உள்ளே ஓடிவிட்டேன்.

தார்வாடில் கல்லூரிக்கு எதிரே ஈரண்ணாவின் ஜெராக்ஸ் கடை. ஒவ்வொரு பருவமும் ஆசிரியர்கள் பல புத்தகங்களிலிருந்து பாடங்களைப் பொறுக்கித் தருவார்கள். ஈரண்ணா பிரதி எடுப்பார், நான் ஒட்டிக் கட்டாக்குவேன். மேடம் தரும் கட்டுக்குள் அவரே எழுதிய பாடம் ஒன்றும் உண்டு. ப்யாடகி சந்தையில் மிளகாய்க் காம்பு கிள்ளும் பெண்களைப் பற்றியது. அவர் அம்மாவும் காம்பு கிள்ளியவர்தான்.

பரீட்சை நெருங்கும்போது பெங்களூரிலிருந்து பதிப்பக ஆள் ரகோத்தம் வந்தார். “அனுமதிக் கடிதம் எங்கே?” என்று கேட்டுக்கொண்டே எல்லாக் கட்டுகளையும் காரில் ஏற்றினார். ஈரண்ணா போன் போட்டதும் மேடம் கடைக்கு ஓடி வந்தார்.

“நான் எழுதினதுக்கு நான் யார்கிட்ட கேக்கணும்?”

“உங்களுது இல்ல மேடம். உரிமையை எங்களுக்கு எழுதிக் குடுத்துட்டீங்க. இதோ கையெழுத்து.”

மேடம் அதைப் பார்த்தார். “புத்தகத்துல பேர் வருதேன்னு படிக்காமலே போட்டுத் தொலைச்சிட்டேன்.”

“டாக்டர் பட்டம் வாங்கின நீங்களே படிக்காமப் போட்டா, நாங்கள்லாம் எங்க போறது?” என்றார் ஈரண்ணா.

“நூலகத்துல ஒரே ஒரு புத்தகம்தான் இருக்கு. பிள்ளைங்க எதைப் படிக்கும்?” என்று மேடம் கேட்டார்.

“அனுமதி கேட்டு எழுதுங்க. பதில் வர மூணு மாசம் ஆகும்” என்றார் ரகோத்தம்.

அந்தக் கல்லூரியில் ஆசிரியர்கள் பலர் நோட்ஸ் சொல்வார்கள், பிள்ளைகள் எழுதிக்கொள்ளும். மேடத்துக்கு அது பிடிக்காது. கிளிப்பிள்ளைகளா நீங்கள் என்று திட்டுவார். மறுநாள் காலை அதே மேடம் கடைப் படிக்கட்டின் உச்சியில் நின்றார். வகுப்பு முழுக்கப் படிகளில் உட்கார்ந்திருந்தது.

“நோட்டை எடுங்க. சொல்றேன், எழுதுங்க.”

“மேடம், கிளிப்பிள்ளை ஆகாதேன்னு நீங்கதானே...” என்று இழுத்தான் மைலாரப்பா.

“இன்னைக்கு ஆகு!”

நானும் வீணான தாள்களைத் திருப்பிப்போட்டுக் கடைசிப் படியில் உட்கார்ந்தேன். மெஷின் ஓடுகிறதா என்று பார்க்க வந்த ரகோத்தம், படியேறி மேடத்தின் பக்கத்தில் போய் நின்றார்.

“மேடம், சொல்லி எழுத வைக்கிறதும் பிரதிதான்.”

“அப்படியா? ஒவ்வொரு நோட்டாப் பிடுங்குங்க. அதுக்கு முன்னாடி என் வாயை மூடுங்க பார்ப்போம்.” பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். “எழுதுங்க. ‘கண்ணைக் கசக்கினா ராத்திரி பூரா எரியும், அதனால கையைச் சேலையில சுத்திக்கிட்டுத் தூங்குவேன்.’ எங்கம்மா சொன்னது. சார், இதுக்கு உங்க கம்பெனி எங்கம்மாகிட்ட அனுமதி வாங்குச்சா?”

“சார், கொஞ்சம் தள்ளுங்க, வெளிச்சம் மறைக்குது” என்றது ஒரு குரல். படிகளெங்கும் சிரிப்பு.

மேடம் என்னைப் பார்த்தார். “வேகமாப் போறேனா?”

“இல்ல மேடம். சொல்லுங்க, எழுதறேன்.” என் குரல் தெருவரைக்கும் கேட்டது.

ரகோத்தம் இறங்கி வந்தார். கடைசிப் படியில் வழியை மறித்தபடி நான். குனிந்து, என் தாள்களை நோக்கிக் கையை நீட்டினார். நான் இடது முழங்கையை அவற்றின்மேல் அழுத்தி ஊன்றி, மேடம் சொன்ன அடுத்த வரியை எழுதினேன். நகரவில்லை.

நீட்டிய கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, என்னைச் சுற்றிக் கால் வைத்து இறங்கி, காரை நோக்கிப் போனார்.