பார்மலீயின் ஏழு ஐந்துகள்

காஸிமிர் டொம்ப்ரோஸ்கி, சுருக்கமாகக் காஸ், மூன்று வாரமாக என் முன்னால் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த ஹோமர் ஸ்டக்கியோ, அவர் ஒரு நாளைக்கு இருபது தடவை பேசுகிறார் என்று சத்தியம் செய்தார். ஹோமர் வாயாடிதான், ஆனால் பொய் சொல்கிறவர் இல்லை. அவர் சொல்வது எனக்கு விளங்கவே இல்லை.

ஈரி நகரத்து மறுவாழ்வு மருத்துவமனை ஒன்றில் நான் பேச்சுப் பயிற்சியாளர். பக்கவாதம் வந்து வார்த்தைகளைத் தொலைத்தவர்களுக்கு அவற்றைத் தேடிக் கொடுப்பது என் வேலை. காஸுக்கு மூளையின் இடப்பக்கம் அடிபட்டிருந்தது. சொல்வது எல்லாம் அவருக்குப் புரியும். பதில் மட்டும் தொண்டைவரை வந்து நின்றுவிடும். தண்ணீர் வேண்டும் என்றால் கோப்பையைக் கட்டில் கம்பியில் தட்டுவார். தட்டித் தட்டி அது நெளிந்துபோயிருந்தது.

வெள்ளிக்கிழமை இன்ஷூரன்ஸ்காரர்கள் ஒரு நர்ஸை அனுப்புவதாக இருந்தார்கள். முன்னேற்றம் இருக்கிறது என்று அவர் எழுதினால் பயிற்சி தொடரும். காஸ் ஆறு வாரத்தில் வீட்டுக்குப் போகலாம். இல்லை என்று எழுதினால் பயிற்சி அன்றோடு நின்றுவிடும். நாற்பது மைல் தள்ளி ஒரு பராமரிப்பு இல்லத்தில் அவருக்குப் படுக்கை தயாராக இருந்தது. அளவுகோல் என்ன என்பதும் தாளில் இருந்தது: நோயாளி தன் பெயரையும் ஒரு தேவையையும், பிறர் எடுத்துக் கொடுக்காமல், ஐந்து முறை கேட்டால் மூன்று முறையாவது சொல்ல வேண்டும்.

அவர் மனைவி லொரேன் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடிந்ததும் தினமும் வருவார். தனக்கு இரண்டு, ஹோமருக்கு இரண்டு என்று பெப்பரோனி இறைச்சி அடைத்த ரொட்டி உருண்டைகள் கொண்டுவருவார். புருஷனை நல்லபடியாகப் பார்த்துக்கொள்ள ஹோமருக்கு அது லஞ்சம்.

திங்கட்கிழமை ஹோமரிடம் நேராகவே கேட்டேன். "என்னதான் பேசறார் இவர்?"

"எல்லாம் அந்த வக்கீல் பார்மலீயோட விளம்பரப் பாட்டுதாம்மா. அட்சரம் பிசகாம."

"நான் வந்தா மட்டும் ஏன் பேசறதில்ல?"

"நீ வந்த உடனே என்ன பண்ற மார்கிட்? யோசிச்சுப் பாரேன்."

யோசித்தேன். கையில் ரிமோட் இருந்தது. அறைக்குள் நுழைந்ததும் நான் செய்யும் முதல் காரியம் டிவியை அணைப்பதுதான். கவனம் சிதறக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அது. பதினைந்து வருடமாக இதைச் செய்கிறேன். கை தானாகவே செய்துவிடுகிறது.

டிவியை மறுபடி போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பகல் நேர நீதிமன்ற நிகழ்ச்சி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இடைவேளை வந்தது. முதலில் சோகமான பியானோ, கனத்த ஆண் குரல்: வருமான வரி பாக்கி பத்தாயிரம் டாலருக்கு மேல் இருக்கிறதா, இனி நிம்மதியாகத் தூங்குங்கள். காஸ் சுவரைப் பார்த்தபடி இருந்தார். அடுத்தது விபத்து வழக்கு வக்கீல் கிளின்ட் பார்மலீ. லாரி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பாட்டு தொடங்கியது. காஸின் இடது ஆள்காட்டி விரல் போர்வையில் தட்டத் தொடங்கியது. மூன்று வாரமாக என் முன்னால் திறக்காத வாய் திறந்தது.

"அடிபட்டதா? சும்மா இருக்காதே! பார்மலீயைக் கூப்பிடு! அஞ்சு அஞ்சு அஞ்சு, அஞ்சு அஞ்சு அஞ்சு அஞ்சு!"

ஒரு சொல் பிசகவில்லை. பாட்டு முடிந்ததும் என்னைப் பார்த்தார். அவருக்கே பயமாக இருந்தது போல முகம்.

"கேட்டியா? இதைத்தான் நான் நாள் பூரா அனுபவிக்கிறேன்," என்றார் ஹோமர். "அந்த வக்கீலுக்கே இவ்வளவு தடவை காசு வராது."

ஹோமர் பொழுது போகாமல் சாப்பாட்டுச் சீட்டின் ஓரத்தில் கோடு போட்டு எண்ணி வைத்திருந்தார். காலை ஒன்பதிலிருந்து மாலை நான்கு வரை பார்மலீ இருபத்தாறு தடவை, வரிக்காரர் பத்தொன்பது தடவை. அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டேன். என் மூன்று வாரக் குறிப்புகளைவிட அதில் விஷயம் அதிகம்.

பகல் நேர விளம்பரம் மலிவு. பகலில் வீட்டில் டிவி பார்ப்பவர்கள் அடிபட்டவர்கள், வேலை போனவர்கள், உடம்பு முடியாதவர்கள். பார்மலீக்கு வேண்டியவர்களும் அவர்களே. ஒருமுறை கேட்டு யாரும் வக்கீலைக் கூப்பிடுவதில்லை. அடிபடுகிற நாள் எது என்று யாருக்கும் தெரியாது. அந்த நாளில் வக்கீலின் ஃபோன் எண் தானாக நாக்கில் வரவேண்டும், பேனா தேடக்கூடாது. அதற்காகத்தான் ஏழும் ஒரே இலக்கம், அதற்கொரு மெட்டு, அதை ஊரே சலிக்கும்வரை திரும்பத் திரும்ப. காஸுக்கு ரயில் இன்ஜின் தொழிற்சாலையில் வேலை போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. இரண்டு வருடமும் டிவி முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

பக்கவாதத்தில் பேச்சு போனவர்கள் சிலர் பாட முடியும் என்பது எனக்குப் புதிதல்ல. புதுச் சொல்லைக் கோத்துப் பேசும் பாதை அடைபட்டாலும், பழகிப்போன மெட்டோடு வரும் சொல்லுக்கு வேறு வழி திறந்திருப்பதுண்டு. அது எந்த வழி என்று இன்னும் விவாதம் நடக்கிறது. வழி இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். முதல் வாரமே காஸிடம் பிறந்தநாள் பாட்டையும் தேவாலயப் பாட்டு இரண்டையும் முயன்றேன். வெறும் முனகல்தான் வந்தது. லொரேனிடம் கேட்டபோது சிரித்தார்.

"காஸா? கோயில்ல கூட உதட்டைத்தான் அசைப்பார். பக்கத்துல நிக்கிற எனக்குத் தெரியாதா?"

ஆக, அவர் வாழ்க்கையில் முழுசாகப் பதிந்த பாட்டு ஒன்றே ஒன்றுதான். வரிக்காரரின் விளம்பரம் பத்தொன்பது தடவை ஓடியும் ஒரு சொல்கூட ஒட்டாததற்கும் காரணம் புரிந்தது. அதில் மெட்டு இல்லை, வெறும் பேச்சு.

செவ்வாய்க்கிழமை காஸின் இடது கையைப் பிடித்து மேசைமேல் தட்டிக்கொண்டே பாட்டின் சொற்களை மாற்றிப் பார்த்தேன். அங்கேதான் தப்பு செய்தேன். பாட்டை முதலிலிருந்து தொடங்கினேன். "அடிபட்டதா" என்றதுமே அவர் வண்டி தண்டவாளத்தில் ஏறிவிட்டது. "என் பேர்" என்று நான் இழுக்க, அவர் பார்மலீயைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பன்னிரண்டு முறை முயன்றோம். பன்னிரண்டு முறையும் வக்கீல்தான் வந்தார். காஸ் கோபத்தில் மேசையைக் குத்தினார்.

"விடும்மா," என்றார் ஹோமர். "கேஸை அவன்கிட்டயே குடுத்துடலாம்."

வேலை முடிந்து வந்து உட்கார்ந்திருந்த லொரேன் சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூணே நாளு மார்கிட்."

"போதும்," என்றேன். சும்மா சொல்லவில்லை, கோளாறு எங்கே என்று அப்போது தெரிந்துவிட்டது. முன்பாதியில் சொற்களுக்கு அர்த்தம் இருக்கிறது. ஒன்று அடுத்ததை இழுக்கிறது. பின்பாதியில் இருப்பது ஏழு ஐந்துகள். எல்லாம் ஒன்றுபோல இருப்பதால் ஒன்றை எடுத்துவிட்டு அங்கே வேறெதையும் வைக்கலாம். மூன்று தட்டு, சின்ன இடைவெளி, நான்கு தட்டு.

புதன்கிழமை முன்பாதியை வெட்டிவிட்டு நேராக ஐந்துகளில் தொடங்கினோம். முதலில் ஐந்துகளையே பாடினோம். பிறகு முதல் மூன்றை எடுத்துவிட்டு, "நான்-தான்-காஸ்." பிறகு அடுத்த நான்கையும் எடுத்துவிட்டு, "தண்-ணி-வே-ணும்." முதலில் நானும் சேர்ந்து பாடினேன். பிறகு பாதியில் நிறுத்தினேன். பிறகு வாயே திறக்காமல் கேள்வி மட்டும் கேட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் லொரேன் வந்தபோது காஸ் மேசையில் தட்டினார்.

"நான் தான் காஸ், தண்ணி வேணும்."

லொரேன் கையிலிருந்த உருண்டைப் பொட்டலத்தை ஹோமரின் மடியில் போட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்க ஓடினார். "நாலையும் எனக்கே குடுத்துட்டாங்க," என்றார் ஹோமர்.

வெள்ளிக்கிழமை வந்த நர்ஸ் உயரமான பெண், பெயர் பெட்ரா ஹாலோவே. என்னைக் கதவோரம் நிற்கச் சொன்னார். லொரேன் வெளியே தாழ்வாரத்தில், அறையிலிருந்து தெரியாத இடத்தில். டிவி அணைந்திருந்தது.

"உங்க பேர் என்ன? உங்களுக்கு என்ன வேணும்?"

நான் கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன், இல்லையென்றால் தட்டிவிடுவேன். காஸ் தன் விரலைப் பார்த்தார். விரல் தட்டியது.

"நான் தான் காஸ், தண்ணி வேணும்."

பெட்ராவின் பேனா நின்றது. "இது அந்த லாரி வக்கீலோட பாட்டு இல்ல?"

"அதேதான்," என்றார் ஹோமர் திரைக்குப் பின்னாலிருந்து.

"ஹோமர்!" என்றேன்.

"நான் எடுத்துக் குடுக்கலையே!"

பெட்ரா மறுபடி கேட்டார். நான் தான் காஸ், தண்ணி வேணும். மூன்றாம் முறை பாதியில் திக்கிற்று. தாளில் தவறு என்று விழுந்தது. நான்காம் முறை சரி. கணக்குக்கு அதுவே போதும். ஆனால் பெட்ரா தண்ணீர்க் கோப்பையைக் காஸின் கையில் கொடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "தண்ணி வந்துடுச்சு. இப்ப என்ன வேணும், காஸ்?"

இதை நாங்கள் பழகவே இல்லை. காஸ் ஒரு மிடறு குடித்தார். கோப்பையைக் கம்பியில் தட்டாமல் கீழே வைத்தார். விரல் மூன்று முறை தட்டியது, நின்றது, நான்கு முறை தட்டியது.

"நான் தான் காஸ். லொரேன் எங்க?"

தாழ்வாரத்திலிருந்து, "இங்கதான்யா இருக்கேன், எங்க போவேன்!" என்ற சத்தம் கேட்டது.

பயிற்சி தொடரலாம் என்று பெட்ரா எழுதினார். அவர் போனதும் காஸின் தலைமாட்டில் நான் ஒட்டிய தாளில் இருப்பது இவ்வளவுதான்: டிவியை அணைக்க வேண்டாம். முன்பாதியைப் பாட வேண்டாம். முதல் மூன்று தட்டில் பெயர், அடுத்த நான்கு தட்டில் தேவை. தட்ட வேண்டியது அவருடைய இடது விரல், நம்முடையது அல்ல.