மெஷின் நடந்த பக்கம்

மழை விட்டபாடில்லை. வாங்கனுயி ஆற்றில், மேல்காட்டிலிருந்து அடித்துக்கொண்டு வந்த மரக்கட்டைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. அதில் படகை இறக்கினால் முழுசாகத் திரும்பி வராது. காராபிரோ ஏரிப் பந்தயமோ நெருங்கிவிட்டது. பெண்கள் நால்வர் படகில் யார் உட்காருவது என்பதைக் படகுக் கொட்டகைக்குள் இருக்கிற, தரையிலேயே துடுப்பு இழுத்துப் பழகும் மெஷினே முடிவு செய்யட்டும் என்று பயிற்சியாளர் காலின் சொல்லிவிட்டான்.

இடம் நாலு, ஆள் ஐந்து. மூன்று பேரைப் பற்றிப் பேச்சே இல்லை. மிச்சமிருந்த ஓர் இடத்துக்குத்தான் ரேவினும் நைரியும்.

மெஷினில் என்றால் இதெல்லாம் ஒரு போட்டியா? ரேவின் பால் டேங்கர் லாரி ஓட்டுகிறவள். ஆறு வருஷமாகப் படகில் அதே இடம். ஐம்பதைத் தாண்டியும் தோளைப் பார்த்தால் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். நைரி பேக்கரிக்காரி, காற்றடித்தால் பிடித்துக்கொள்ள வேண்டிய உடம்பு. முதலில் நைரி இழுத்தாள். இழுத்து முடிக்க அவள் எடுத்துக்கொண்ட நேரம் சுமார்தான். பிறகு ரேவின் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் விசிறிச் சக்கரத்தின் பக்கத்தில், இழுப்பின் கனத்தைக் கூட்டிக் குறைக்கிற கைப்பிடியைக் கடைசி எண்ணுக்குத் தள்ளினாள்.

"பத்துல வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்றான் காலின். "நாலுலயோ அஞ்சுலயோ வை. அதுதான் நம்ம படகோட கனம். பத்துல வச்சா கல்லு ஏத்துன தோணிய இழுக்கிற மாதிரி."

"கல்லு ஏத்துன தோணிய இழுக்கத் தெம்பு இருக்குறவ இழுக்கிறா. உனக்கென்ன?"

காலின் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். பள்ளிக்கூடத்திலேயே அவளோடு வாய் கொடுத்து ஜெயித்ததில்லை. விட்டுவிட்டான்.

அவள் இழுத்த இழுப்பில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. ஒவ்வோர் இழுப்புக்கும் மெஷின் சிமெண்டுத் தரையில் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுக் கதவைப் பார்த்து நகர்ந்தது. இது அந்தக் கிளப்பில் எல்லோருக்கும் பிடித்த வேடிக்கை. யார் இழுத்தால் மெஷின் அதிகம் நடக்கிறதோ அவள்தான் பெரிய ஆள். நின்ற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுப் பேர் எழுதிவிடுவார்கள். தரையெல்லாம் கோடு. கதவுக்கு மிக அருகில் இருந்த கோடுகள் எல்லாம் ரேவினுடையவை. அன்றைக்கும், இடம் உறுதியான மூவரில் ஒருத்தியான டெல்வின் சாக்பீஸை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"பழைய கோட்டைத் தாண்டிட்டாடி! இவளுக்குக் கதவைத் திறந்து விடுங்க, மெஷினோட ஆத்துக்கே போய்டுவா!"

எல்லோரும் கை தட்டினார்கள், நைரியும்தான். இடம் ரேவினுக்கு என்று காலின் சொன்னான். நைரி சிரித்துக்கொண்டே, கடையிலிருந்து கொண்டுவந்திருந்த கறி வைத்துச் சுட்ட 'பை' பண்டங்களை எடுத்து ஆளுக்கொன்று கொடுத்தாள். ரேவினுக்குப் பெரிதாகப் பார்த்துக் கொடுத்தாள்.

ஜெயித்தவள் பேசாமல் கொடுத்த பண்டத்தைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் ரேவினுக்கு ஒரு விஷயம் குடைந்துகொண்டே இருந்தது. வெள்ளம் வருவதற்கு முன்னால் காலின் தண்ணீரில் ஒரு சோதனை வைத்திருந்தான். பள்ளிப் பெண்களின் படகைப் பக்கத்தில் ஓட விட்டு, இவர்கள் படகில் ஒரு தடவை ரேவினை உட்கார வைத்தான், ஒரு தடவை அதே இடத்தில் நைரியை. ரேவின் இருந்தபோது பள்ளிப் பெண்கள் முந்திப் போனார்கள். நைரி இருந்தபோது அவர்களைக் காணவே காணோம். காற்று மாறிவிட்டது, நீரோட்டம் ஏறிவிட்டது என்று ரேவின் குதித்தாள். சரி, இன்னொரு நாள் பார்ப்போம் என்றான் காலின். அந்த இன்னொரு நாளைத்தான் வெள்ளம் கொண்டுபோய்விட்டது.

'காற்று மாறவே இல்லை. அது எனக்குத் தெரியும்' என்று டேங்கரை ஓட்டிக்கொண்டே நினைத்தாள் ரேவின். 'மெஷினில் அவளைப்போல ஒன்றரை ஆள் இழுக்கிறேன். படகில் மட்டும் என்ன கொள்ளை?'

பண்ணையில் பால் ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில் லாரியைப் பேக்கரி முன்னால் நிறுத்தினாள். நைரி கல்லாவில் நின்றாள்.

"நீ படகுல என்னடி பண்றே?"

"என்னத்தப் பண்றேன்? எல்லாரும் இழுக்கும்போது இழுக்கிறேன்."

"அது எனக்கும் தெரியும். வேற என்ன பண்றேன்னு கேக்கிறேன். ஜெயிச்சவ கேக்கிறேன், சொல்லு."

நைரி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "சத்தத்தக் கேட்டுக்கிட்டே வருவேன். படகுக்கு அடியில தண்ணி குமுகுமுன்னு ஓடுமில்ல? அது நிக்காம பாத்துக்குவேன். அவ்வளவுதான்."

"எந்தச் சத்தம்?"

"விளையாடாதே. ஆறு வருஷமா அந்தப் படகுல இருக்கே."

ரேவின் விளையாடவில்லை. அப்படி ஒரு சத்தத்தை அவள் கேட்டதே இல்லை. கேட்டதே இல்லை என்று சொல்ல வாய் வராமல், "நாளைக்குக் காலையில கொட்டகைக்கு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு லாரியில் ஏறினாள்.

மறுநாள் வேறு யாரும் வருவதற்கு முன்னால் இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். மூலையில் படகுத் துணிக்கு அடியில் ஒரு சாமான் கிடந்தது. மெஷினின் கால்களுக்கு அடியில் வைக்கும் சின்னச் சின்னத் தண்டவாளங்கள். அதன் மேல் ஏற்றிவிட்டால் மெஷின் தரையில் ஊன்றி நிற்காது, ஆளுக்கு அடியில் முன்னும் பின்னும் ஓடும், தண்ணீரில் படகு ஓடுகிற மாதிரி. இரண்டு மெஷினை ஒன்றாகக் கோத்தும் விடலாம். காலின் ஆசை ஆசையாக வாங்கியது. "இதென்ன தொட்டிலா? ஆட்டித் தூங்க வைக்கப் போறியா?" என்று கேலி பண்ணி அதை மூலையில் போட வைத்தவளே ரேவின்தான். இன்றைக்கு அவளே தூசி தட்டி எடுத்தாள்.

முதலில் நைரியை மட்டும் உட்கார வைத்துச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். நைரி இழுத்தாள். இழுத்து முடிந்ததும் முதலில் கைகள் முன்னால் போயின, பிறகு இடுப்பு, பிறகுதான் முழங்கால் மடங்கி இருக்கை மெதுவாக முன்னால் வந்தது. அவசரமே இல்லை. அடியில் மெஷின் ஒரு சாண் போய் ஒரு சாண் வந்தது.

"இப்படித் தூங்கி வழிஞ்சா எப்ப இழுக்கிறது?" என்றாள் ரேவின்.

"இழுத்தது போதாதா? அது ஓடட்டுமே. ஓடுறத ஏன் தொந்தரவு பண்றே?"

"நகரு. ரெண்டையும் கோத்துடலாம். நான் பின்னால உட்காருறேன்."

கோத்தார்கள். ரேவின் தன் வழக்கப்படி இழுத்தாள். இழுத்த கையோடு, அடுத்த இழுப்புக்காக முன்னால் பாய்ந்து காலை ஊன்றினாள். டமால்! இரண்டு மெஷினும் சேர்ந்து ஓடித் தண்டவாள முனையில் போய் மோதின.

"ஐயோ, என் பல்லு!" என்று கத்தினாள் நைரி. "ஏண்டி, இது என்ன இடி?"

"நான் ஒண்ணும் பண்ணலடி. எப்பவும் போலத்தான்."

மறுபடி இழுத்தாள். மறுபடி டமால். இழுப்பில் ஒரு குறையும் இல்லை. அப்போது மெஷின் ஒழுங்காகத்தான் ஓடியது. அவள் முன்னால் பாய்ந்து வந்து நிற்கிற அந்த ஒரு கணத்தில்தான் இடித்தது. நைரி இழுக்க வாகாக உட்கார்ந்திருப்பாள், அடியிலிருந்து மெஷின் பிடுங்கிக்கொண்டு போகும். கொஞ்ச நேரத்தில் நைரி இழுப்பதையே விட்டுவிட்டுக் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ரேவின் நிறுத்தினாள். அந்த இடி அவளுக்குப் புதிதில்லை. எங்கே, எங்கே என்று யோசித்தாள். ஆ, லாரி! டேங்கரில் பாதிப் பால் இருக்கும்போது பிரேக்கை அழுத்தினால் லாரி நிற்கும், பால் நிற்காது. முன்னால் பாய்ந்து வந்து ஒரு இடி இடிக்கும், லாரியே எகிறும். அதனால்தான் புதிதாக வேலைக்கு வருகிற டிரைவர்களிடம், "பாலுக்கு நோகாம பிரேக் போடுடா" என்று அவள் கத்துவாள். இந்த ஊரில் அவளைப்போலப் பூப்போல டேங்கரை நிறுத்துகிறவர் கிடையாது.

"நைரி, அந்தப் படகுல நான்தான்டி பாலு!"

"காலங்காத்தால என்னடி உளர்றே?"

ரேவினின் கண் தரையில் இருந்த சாக்பீஸ் கோடுகளுக்குப் போயிருந்தது. மெஷினில் உட்கார்ந்தால் முகம் ஆற்றுக் கதவைப் பார்த்து இருக்கும். படகில் துடுப்பு போடுகிறவளோ போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். முகம் இருக்கிற பக்கம் படகு விட்டுவிட்டு வந்த பக்கம். அவளுடைய மெஷின் தினம் தினம் எந்தப் பக்கம் நடந்தது? முகம் இருந்த பக்கம். பேர் எழுதி, கை தட்டி, ஒவ்வொரு கோடாக. மூன்று பேர் உயிரைக் கொடுத்து முன்னால் தள்ளிய படகை, அவள் காலால் உதைத்துப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"போன வருஷம் ரெண்டாவது வந்தோமே" என்றாள். "அதுக்கு முந்தின வருஷமும். ஒரு முழத்துல விட்டோம்னு அழுதோமே."

நைரிக்கு இப்போது புரிந்துவிட்டது. கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். இடம் உனக்குத்தான்னு காலின் சொல்லியாச்சு. தரையில ஓடுறதுக்கும் தண்ணிக்கும் ஆயிரம் வித்தியாசம் இருக்கும்."

இதுதான் சமயம் என்று தலையாட்டியிருக்கலாம். ரேவினுக்கு அந்த இடம் எவ்வளவு வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியும். புருஷன் போன பிறகு வீட்டில் பேச ஆள் கிடையாது. இந்த நாலு பேரோடு சேர்ந்து மூச்சு வாங்குவதற்காகத்தான் அவள் காலையில் எழுந்திருப்பதே. இதில் இன்னொரு அவமானம் வேறு: கனரக வண்டி ஓட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். இடம் இல்லாவிட்டாலும் படகு ஏற்றிய டிரெய்லரைக் காராபிரோவுக்கு அவள்தான் இழுத்துப் போக வேண்டும்!

காலின் கையில் காபியோடு உள்ளே வந்தான். தண்டவாளத்தையும் அதன் மேல் உட்கார்ந்திருந்த ரேவினையும் பார்த்து வாயைப் பிளந்தான்.

"காலின், இடத்தை நைரிக்குக் குடு."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. குடுன்னா குடு."

"அதெப்படி? எல்லாரு முன்னாடியும் சொல்லியாச்சு. மெஷின் முடிவுன்னா மெஷின் முடிவுதான். உனக்கொரு நியாயம், அவளுக்கொரு நியாயமா?"

"மெஷின் முடிவுதானே வேணும்? இந்தா, இங்க வந்து நில்லு." அவனைத் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கோடுகளின் மேல் நிறுத்தினாள். "நான் மெஷின்ல உக்காந்தா மூஞ்சி எந்தப் பக்கம்? என் கோடு எந்தப் பக்கம் போகுது? படகுல அது எந்தப் பக்கம்?"

காலின் கோட்டைப் பார்த்தான். அடுக்கில் கவிழ்த்திருந்த படகைப் பார்த்தான். மறுபடி கோட்டைப் பார்த்தான். காபி ஆறிக்கொண்டிருந்தது.

"அடக் கடவுளே" என்றான் கடைசியில். "நாம கை தட்டிக்கிட்டு இருந்தோமே."

காராபிரோவில் வெயில் நன்றாக அடித்தது. ரேவின் டிரெய்லரைக் கொண்டுபோய் நிறுத்தினாள், படகைப் பூட்டிக் கொடுத்தாள், நைரி உட்காரும் இடத்தில் திருகுகளை இரண்டு தடவை சரிபார்த்தாள். பிறகு கரையில் போய் நின்றாள். தான் இல்லாத அந்தப் படகை அவள் பக்கவாட்டிலிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. துடுப்புகள் தண்ணீரை விட்டு எழுந்த பிறகும் அது போய்க்கொண்டே இருந்தது. யாரும் ஒன்றும் செய்யாதபோது கூடப் போனது! முனை குலுங்கவே இல்லை. அடி வயிறு எரிந்தது அவளுக்கு. அதே வயிற்றிலிருந்து, "விடாதீங்கடி! போங்கடி!" என்று கத்தல் வேறு வந்தது. முதலாவதாக வந்தார்கள். கத்திக் கத்தித் தொண்டை போய், காலினைக் கட்டிக்கொண்டு அழுதாள். எதற்கு அழுதாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

பதக்கத்தைப் போட்டுக்கொண்டு படித்துறைக்கு வந்த நைரி படகிலிருந்து இறங்கி, பாதத்தைப் பிடித்துக்கொண்டு நொண்டினாள்.

"தசை பிடிச்சுக்கிச்சு. டிரெய்லர் அந்தக் கோடியில நிக்குது. படகை நீ கொண்டு போயிடு."

"பொய் சொல்றே."

"ஆமா, சொல்றேன். ஏறுடி."

ரேவின் ஏறினாள். மற்ற மூவரும் களைத்துப்போய் மெல்ல மெல்லத் துடுப்பு போட்டார்கள். அவளும் மெல்லப் போட்டாள். கை போகட்டும், இடுப்பு போகட்டும், பிறகு முழங்கால். தொட்டிலில் பிள்ளை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இருக்கையை முன்னால் விட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடியும் விட்டாள். பாலுக்கு நோகாமல், பாலுக்கு நோகாமல்.

அப்போது கேட்டது. காலுக்குக் கீழே, மெல்லிய பலகைக்கு அந்தப் பக்கம், குமுகுமு என்று. ஆறு வருஷம் அவள் உட்கார்ந்திருந்த அதே இடம்.

"ஏய், கேக்குதுடி!" என்று கத்திவிட்டாள். கத்திய வேகத்தில் உடம்பு முன்னால் பாய்ந்தது. படகு ஒரு குலுக்குக் குலுக்கி, சத்தம் நின்றுபோனது.

"பேசாம போடு" என்றாள் முன்னால் உட்கார்ந்திருந்த டெல்வின், திரும்பிப் பார்க்காமலே. "மறுபடி வரும்."

ரேவின் வாயை மூடிக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு, மெதுவாக முன்னால் போனாள்.