ரக்னாவின் சரளை மேடு

ரயில் எங்கள் ஊருக்கு வரவில்லை. ஆறு மைல் தெற்கே தண்டவாளம் போட்டு, நிலையம் கட்டி, வெறும் புல்வெளியில் புது ஊருக்குத் தெருக்களும் அளந்துவிட்டார்கள். தண்டவாளம் இல்லாத இடத்தில் கோதுமையை யார் வாங்குவார்? அந்தக் குளிர்காலத்தில் அமெரிக்காவின் டகோட்டாவிலிருந்த லீவிக் ஊர் அப்படியே கிளம்பியது. மரவீடுகளுக்கு அடியில் உத்தரங்களைக் கொடுத்துக் குதிரை பூட்டிப் பனியில் இழுத்தோம். ஜனவரியில் சதுப்பு ஏரி பாறையாக உறைந்திருந்ததால் எல்லாம் அதன் மேலேயே போயின. கடைக்காரர் குல்பிரான் மொய்ன் வீட்டில் அடுப்பைக்கூட அணைக்கவில்லை. புகைபோக்கி புகைய வீடு நகர்ந்தது.

மிஞ்சியது மரத்தில் கட்டிய கிறிஸ்தவக் கோயில் மட்டும். அதற்குள் மார்ச் வந்து, ஏரியின் ஐஸ் இளகத் தொடங்கிவிட்டது. ஏரியைச் சுற்றிப் போக ஒரே வழி, விதவை ரக்னா பாக்கனின் நிலத்திலிருந்த சரளை மேடு. அவள் அங்கே வைக்கோல் அள்ளும் கவையோடு வழிமறித்து நின்றாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் கோயிலுக்குப் பின்னால் புதைக்கப்பட்டிருந்தார்கள்.

"கோயில் போகணும்னா புள்ளைங்களும் வரணும். இல்லேன்னா கோயிலும் இங்கதான்."

"தரை இறுகிக் கெடக்கு. எப்படித் தோண்டுறது? கோடையில பாத்துக்கலாம்," என்றார் மொய்ன்.

"கோடையில நீ ரயில்ல மூட்டை ஏத்திக்கிட்டிருப்ப."

"செத்தவங்களுக்கு ரயில் எதுக்கு, ரக்னா?"

எங்களில் சிலர் சிரித்தோம். அவள் கவையை இறக்கவில்லை.

"இவகிட்ட கெஞ்சணுமா? ஏரி மேலயே போவோம்," என்று மொய்ன் திரும்பினார்.

"ஐஸ் கறுத்திருக்குண்ணே, தாங்காது," என்றேன்.

"பயந்தா பொம்பளைங்களோட போய் நில்லு."

அவளிடம் தணிந்து போனவன் என்ற பெயர் யாருக்கும் வேண்டாம். இழுத்தோம்.

பாதி ஏரியில் ஐஸ் உடைந்து கோயிலின் முன்பக்கம் இறங்கியது. மணி தானாக அடித்தது. வார்களை அறுத்துக் குதிரைகளைக் காப்பாற்றினோம். ஆழமில்லை, ஆனால் சேறு கோயிலைக் கவ்விக்கொண்டது. சேற்றில் நிதானமாக இழுக்க எருதுகள் வேண்டும். அவை ரக்னாவிடம் மட்டுமே இருந்தன. மொய்னே போய்க் கேட்க வேண்டியதாயிற்று.

அவள் எருதுகளை ஓட்டிவந்து கோயிலின் பின்பக்கம் பூட்டினாள்.

"முன்னாடி பூட்டு," என்றார் மொய்ன்.

"முன்னாடி ஐஸ் இல்ல, தண்ணிதான் இருக்கு. வந்த வழியாத்தான் வெளிய வரும். வேணாம்னா சொல்லு, அவுத்துட்டுப் போறேன்."

மொய்ன் ஏரியைப் பார்த்தார். பிறகு இழுக்கச் சொல்லிக் கையை அசைத்தார்.

கோயில் பின்னோக்கி ஊர்ந்து, கல்லறைகளுக்கு அருகே கரையேறியது. முன் உத்தரம் முறிந்துவிட்டது. இனி இழுத்தால் சுவரே பிரிந்துவிடும் என்றார் தச்சர்.

பனி உருகிய முதல் ஞாயிற்றுக்கிழமை புது ஊரிலிருந்து வண்டிகளில் ஜெபத்துக்கு வந்தோம். சரளை மேட்டுக்குக் குறுக்கே வேலி. அந்தப் பக்கம் ரக்னா.

"நடந்து வர்றவங்க வரலாம். வண்டி ஏறாது."

"கோயிலுக்கு இன்னும் ஒரு மைல் இருக்கு!" என்றார் மொய்ன்.

"எனக்குத் தெரியும். நான் தினமும் நடக்கிறேன்."

மொய்ன் காறித் துப்பிவிட்டு வண்டியைத் திருப்பினார். அது திரும்பி முடிப்பதற்குள் அவர் மனைவி இங்கெபோர் குதித்து இறங்கினாள். பாவாடையைத் தூக்கிப் பிடித்து வேலி இடுக்கில் நுழைந்தாள். ரக்னா வழிவிட்டாள். இருவரும் கோயிலை நோக்கி நடந்தார்கள்.