கரையக் கூடாத மணிகள்

பாவூர்சத்திரம் சந்தையில் எனக்கு வெங்காய மண்டி. மணிமுத்துவுக்கு வாய் நீளம் என்று என்னைச் சொல்வார்கள். தை மாதத்திலிருந்து அந்த வாய் அடங்கிக் கிடந்தது. பெருங்குடலில் புண். ரத்தம் போனது. கழிப்பறை எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் எங்கேயும் உட்காருவேன். மாசியில் தென்காசி டாக்டர் மாற்றித் தந்த மருந்தும் கேட்கவில்லை. "ஆடி பிறக்கட்டும். அப்பவும் இப்படியே இருந்தா, குடல வெட்டி எடுக்கறதப் பத்தி யோசிக்கணும்" என்றுவிட்டார். பயந்து போனேன், மறைப்பானேன்.

என் மனைவி நிவேதா மருந்தியல் கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறாள். கடுகு அளவுக்கு பாலிமர் மணிகள் செய்து, உள்ளே மருந்தை வைத்து, மேலே பூச்சு பூசும் வேலை. விடிந்தால் போவாள், இருட்டினால் வருவாள். சீக்காளிப் புருஷன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் ஓடுகிறாள் என்றே நினைத்தேன். கேட்கவில்லை. வீம்புதான்.

குற்றாலத்தில் தண்ணீர் விழத் தொடங்கிய வாரம். ஒருநாள் சாரல் வலுத்ததால் அவள் தாமதமாகக் கிளம்பினாள். நான் அடுக்களையில் மருந்தைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

"என்னத்தக் கலக்குதிய?"

"மருந்துதான். கேப்ஸ்யூல முழுங்குனா தொண்டையில நிக்கி. அதான் திறந்து உள்ள இருக்க மணியக் கொட்டிருவேன். தண்ணியில கரையவே மாட்டேங்கு. பதநீர்ல போட்டு வச்சா எப்படிக் கரையுது பாத்தியா!"

பெருமையாகத்தான் சொன்னேன். அவள் டம்ளரை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"எப்ப இருந்து இப்படிக் குடிக்கிய?"

"இந்த மருந்து தந்ததுல இருந்து."

"பதநீர்ல சுண்ணாம்பு கெடக்குல்லா. அதான் கரையுது. மணி மேல இருக்க இந்தப் பூச்சு புளிப்புல கரையாது. வயித்துப் புளிப்பத் தாண்டி, பெருங்குடல் பக்கம் போய்த்தான் கரையணும். நீங்க டம்ளர்லயே கரைச்சிட்டிய. புண்ணுக்கு என்னத்தப் போய்ச் சேரும்?"

"அப்ப இது நல்ல மருந்துதானா?"

"நல்ல மருந்துதான்" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "இது கேக்கலன்னுதான இதவிட நல்ல பூச்சு செய்யணும்னு ஆராய்ச்சித் தலைப்பயே மாத்திட்டு அங்கன கெடந்து சாவுதேன்! யாருக்குன்னு நெனச்சிய?"

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் பதநீரைக் கொட்டிவிட்டு, வேறொரு கேப்ஸ்யூலைத் திறந்து, மணிகளை ஒரு கரண்டித் தயிரில் தூவிக் கொடுத்தாள். "கடிக்காம முழுங்குங்க" என்று என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆடி பிறந்ததும் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். புண் ஆறிவருகிறது, கத்தி வேண்டாம் என்றார். வெளியே வந்து, கூட வந்திருந்த நிவேதாவிடம், "ஏட்டி, இனி உன் மணியெல்லாம் எதுக்கு?" என்றேன்.

"பதநீர்ல போட்டாலும் கரையாத பூச்சா செய்யப் போறேன். உங்கள நம்ப முடியாது" என்றாள்.

சிரிக்க வேண்டியதுதான். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில், அத்தனை பேர் பார்க்க, எனக்கு அழுகை வந்துவிட்டது.