பெயருக்காக நகர்ந்த குறி

ராயபுரம் பேண்டு மாஸ்டர் காஜா மொய்தீன் இசையைக் கம்ப்யூட்டரில் எழுத்தாகத் தட்டுவார். அது கோடும் புள்ளியுமாக அச்சாகி வரும். டிரம்பெட் ஜெயவேலின் தாளில், சுரத்தை இழுத்துப் பிடிக்கச் சொல்லும் பிறை போன்ற குறி, 'அமைப்பு: காஜா மொய்தீன்' என்ற வரியின்மேல் ஏறி நின்றது. பெயர் மறையலாமா? வலப்பக்கம் இரண்டு என்று எண்ணைத் தட்டினார். குறி பணிவாக நகர்ந்து அடுத்த சுரத்தின், அதாவது கடைசிச் சுரத்தின், தலையில் உட்கார்ந்தது.

மாப்பிள்ளை ஊர்வலத்தில் எல்லோரும் முடித்த பிறகும் ஜெயவேல் மட்டும் கடைசிச் சுரத்தை ஊதிக்கொண்டே நின்றார். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒரு கப்பல் பதிலுக்கு ஊதியது. கேட்டவர்கள் இன்னும் உயிரோடிருக்கிறார்கள்.

"இன்னா நைனா, கப்பல இஸ்துகினு வர்றியா?" என்று கூட்டம் சிரித்தது.

"தப்பு என்னுது மாமு," என்றார் ஜெயவேல். "கண்ணு பேஜாரு பண்ணுது. இனிமே வேற ஆள வெச்சுக்க."

காஜா வீட்டுக்குப் போய்த் தன் பெயரை அழித்தார், அந்த எண்ணையும் அழித்தார். குறி தன் இடத்துக்குத் திரும்பியது. மறுநாள் புதுத் தாளை நீட்டினார்.

ஜெயவேல் உற்றுப் பார்த்தார். "இன்னா மாமு, உன் பேரக் காணோம்?"

"உன் கண்ணு நல்லாத்தான் கீது ஜெயவேலு. அந்தப் பேரு நிக்கத்தான் குறியத் தள்ளி வெச்சேன்," என்றார் காஜா, ஜெயவேலின் செருப்பைப் பார்த்து.