அருளப்பனின் கைநாட்டு

அப்பாவை அவர் கேட்ட இடத்திலேயே அடக்கம் செய்தேன் என்று பிப்ரவரியிலிருந்து பெருமையடித்துக்கொண்டு திரிந்தவள் நான். கன்டோன்மென்ட் பக்கத்தில் இருக்கும் எங்கள் கல்லறையில் புதுக்குழிக்கு இடம் கிடையாது. குடும்பக் குழி என்று காட்டினால் பழையதைத் திறந்து அதிலேயே வைப்பார்கள். இல்லாவிட்டால் ஊருக்கு வெளியே ஆனேக்கல் பக்கம் போக வேண்டியதுதான்.

"என்னை அங்க கொண்டுபோய்த் தள்ளிடாத சிந்தியா. எங்க தாத்தாகூடப் போடு" என்று படுக்கையில் கிடந்தபடி கெஞ்சினார். அப்பா யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

தாத்தா என்றால் அவருடைய தாத்தா, அருளப்பன். எங்களிடம் இருந்தது ஒரு கதை மட்டும்தான். வேப்பமரத்தடியில் ஒற்றை இறக்கையோடு நிற்கும் சம்மனசு, கல்லில் செதுக்கிய தேவதூதன், அதன் கீழே அருளப்பன். சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் காலையில் அங்கே போய் மெழுகுவத்தி ஏற்றியிருக்கிறோம். கல்லில் பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது. வருஷமெல்லாம் உதிர்ந்துவிட்டது.

கதையை வைத்துக் குழி தரமாட்டார்களே. அப்பா உயிரோடு இருக்கும்போதே தாள்களைத் தேடி அலைந்தேன். அவருடைய ஞானஸ்நானப் பதிவு இங்கேயே கிடைத்தது. அவருடைய அப்பாவின் கல்யாணப் பதிவுக்கு கே.ஜி.எஃப் வரை போனேன். அங்கே அருளப்பனே இருந்தார். மாப்பிள்ளையின் தகப்பன் என்று எழுதி, பக்கத்தில் அவருடைய கைநாட்டு. ஒரு போட்டோகூட இல்லாத மனிதர், மையில் தன் கட்டைவிரலை விட்டுப் போயிருந்தார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். தம்பி ஷெர்வின் 'சிபிஐ அக்கா' என்று கிண்டலடித்தான், அடிக்கட்டும். பெயர்கள் பொருந்தின, கல்லறை அலுவலகத்தில் ஒப்புக்கொண்டார்கள். பழைய கல்லையும் சம்மனசையும் அகற்றிவிட்டுப் பளபளவென்று கிரானைட் வைத்தோம். 'அருளப்பன், அவர் பேரன் மதலைமுத்து.'

இந்த நவம்பரில் அப்பாவுக்கு முதல் கல்லறைத் திருநாள். குழியை மந்திரித்து ஆசீர்வதிக்கப் பங்குச் சாமியாரைக் கூட்டிவர ஷெர்வின் போயிருந்தான். நான் சாமந்தியைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருவர் வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் மெழுகுவத்திப் பாக்கெட்.

"யாரைத் தேடறீங்க?"

"இங்க ஒரு சம்மனசு இருக்குமே மா? ஒரு றெக்கை இருக்காது."

கையிலிருந்த பூ அப்படியே நின்றது. அவர் அதற்குள் கிரானைட்டைப் படித்துவிட்டு, கால்மாட்டில் குனிந்து மண்ணைத் தள்ளினார். சிமெண்டில் பதிந்த நீல ஓட்டுத் துண்டு ஒன்று தெரிந்தது. நான் பிறந்ததிலிருந்து பார்க்கும் துண்டு. ஏன் இருக்கிறதென்று யாரும் கேட்டதில்லை.

"இது எங்கப்பா பதிச்சது. எங்க வீட்டுத் தரை ஓடு. அருளப்பன் எனக்குத் தாத்தா. என் பேர் பெர்னார்ட்."

பீன்யாவில் ஒரு பேக்டரியில் வேலை பார்த்தாராம். கல்லறைத் திருநாளுக்கு லீவு தரமாட்டார்களாம், ஷிப்ட் முடித்து ராத்திரிதான் வருவாராம். இந்த வருஷம் ரிடையர் ஆகிவிட்டதால் காலையிலேயே வந்திருக்கிறார்.

"தாத்தாவை எங்கப்பாவே பாத்ததில்ல. அவர் பொறந்த முப்பத்தெட்டுலயே தாத்தா போய்ட்டார்."

முப்பத்தெட்டு. என் போனில் இருக்கும் கைநாட்டு நாற்பத்தொன்றில் வைத்தது.

செத்தவர் மூன்று வருஷம் கழித்து எழுந்து வந்து மகன் கல்யாணத்துக்குக் கைநாட்டு வைக்கமாட்டார். ஒரே பெயர், இரண்டு மனிதர்கள். என் அப்பாவை யாரோ ஒருவருடைய தாத்தாவின் மேல் படுக்க வைத்திருக்கிறேன். அந்தச் சம்மனசை உடைத்துக் குப்பை வண்டியில் ஏற்றியதும் நான்தான்.

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன்.

"ஹௌதா, அப்படியா!" என்று கல்லைப் பார்த்தபடி அவர் முந்திக்கொண்டார். "அப்ப ஒவ்வொரு வருஷமும் இங்க மெழுகு உருகிக் கெடந்ததே, அது நீங்கதானா? எங்கப்பா சொல்லுவார், தாத்தாவுக்கு மூத்த தாரம் ஒண்ணு இருந்துச்சு, அந்த வழியில ஆளுங்க இருப்பாங்கன்னு. நான் நம்பல." கிரானைட்டில் அப்பாவின் பெயரைத் தடவினார். "மதலைமுத்து எனக்கு அண்ணன் முறை. அப்ப நான் உனக்குச் சித்தப்பா."

"சார், அது வந்து..."

"சாராமே! சித்தப்பான்னு கூப்புடு. ஹெப்பகோடில தனிக்கட்டையாக் கெடக்கறேன். எனக்குன்னு யாரும் இல்லன்னு நெனச்சேன் மா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் போனா எனக்கும் இதே குழிதான். குடும்பத்துல ஒருத்தர் கையெழுத்துப் போடணும்ல, நீ போடுவியா?"

உண்மையைச் சொன்னால் விஷயம் அலுவலகத்துக்குப் போகும். அப்பாவை வெளியே எடுக்கச் சொன்னால்? அவர் கெஞ்சிய முகம் கண்முன் வந்தது. அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன். இவர் சந்தோஷத்தைக் கெடுக்கக்கூடாதென்றுதான் என்று பிறகு ஷெர்வினிடம் சொல்லிக்கொள்ளலாம், அது பொய். தலையாட்டினேன்.

அவர் தன் மெழுகுவத்திகளை அப்பாவுக்கும் சேர்த்து ஏற்றினார். என் அருளப்பன் எந்த மண்ணுக்குள் கிடக்கிறாரோ, எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் அவருக்கு ஒரு மெழுகுவத்திகூட நாங்கள் ஏற்றியதில்லை. அவருடையதாக எங்களிடம் இருந்தது அந்த ரேகை மட்டும்தான்.

"தாத்தாவோடது எதாவது உங்ககிட்ட இருக்கா மா? ஒரு போட்டோ, எதுனா? எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். இவருடைய சம்மனசைத் தூக்கிப் போட்ட கை, பதிலுக்கு எதையாவது கொடுத்துத் தீர்க்கப் பார்த்தது. போனை எடுத்து, மேலே இருந்த வருஷம் மறையும்வரை படத்தைப் பெரிதாக்கி நீட்டினேன்.

அவர் கையைச் சட்டையில் துடைத்தார். படத்தில் படாமல், தன் கட்டைவிரலை அந்தக் கைநாட்டுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"அதே சுழி, பாத்தியா?"

"ஆமா சித்தப்பா" என்றேன்.