வெளியே என்றால் அடுக்களை

சங்கிலி குடியிருந்த வீடு, ஓர் ஆட்டின் குடலில் இருந்த உயிரணு. காற்றோட்டம் போதாது. மற்றபடி குறையில்லை, கண்ணுகளா.

வீட்டு வாசலில் எப்போதும் கற்கண்டுத் தட்டு இருக்கும். தொட்டவரெல்லாம் சம்பந்தி வீட்டார். யார் எவர் என்று கேட்பது மரியாதையில்லை. தொட்டதும் வாசலே பையாய்ச் சுருண்டு, அவரைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடக்கும்.

ஆடு ஆமணக்குக் கொட்டையை மென்றது. கொட்டைக்குள்ளிருந்து ஓர் அக்காவும் தங்கையும் கைகோத்து வந்தார்கள். விஷம். அக்கா கற்கண்டைத் தொட்டாள். வாசல் நடந்தது.

கூடங்கள் நீண்டுகொண்டே போயின. ஒவ்வொரு கூடத்திலும் கும்பிட்டு வழிவிட்டார்கள். வெட்கங்கெட்ட கும்பிடு.

கடைசியில் மடிப்பறை. புதுப் புரதங்களைச் சீராக மடிப்பதும், கோணலை வெளியே தள்ளுவதும் சங்கிலியின் வேலை. அங்கே சகோதரிகளின் கைகள் பிரிந்தன. அக்கா ஒதுங்கிக்கொண்டாள். தங்கை உடனே இடுப்பை ஒடித்து, கழுத்தைத் திருகி நின்றாள்.

“இது கோணல் இல்ல அண்ணாச்சி, நடிக்கா,” என்றான் சங்கிலி.

மேலாளர் குற்றாலிங்கம் நிமிராமலே சொன்னார். “சம்பந்தி வீட்டுப் பிள்ளையையால சந்தேகப்படுத?”

“அப்ப உள்ளயே இருக்கட்டும்.”

“கோணல உள்ள வைக்கவா? வெளிய தள்ளுல.”

“வெளியன்னா அடுக்களைல்லா. அங்க எம்பொண்டாட்டி இருக்கா.”

“அவ மேல படாம தள்ளு.”

வெளியே என்றால் அடுக்களை. அப்படிக் கட்டியிருந்தார்கள், மகா புத்திசாலிகள். அங்கே இடியாப்ப அச்சுகள் போல ரைபோசோம்கள் வரிசையாகப் புரதம் பிழியும். சங்கிலியின் மனைவி ஆவுடை முதல் அச்சைச் சுற்றுகிறவள். பிழிவது நின்றால் வீடு செத்தது.

சங்கிலி தள்ளினான். மேலாளர் சொல்லாயிற்றே.

தள்ளியதைத் தின்ன அடுக்களை வாசலில் அரவை இயந்திரம் உண்டு. முத்திரை குத்தியிருந்தால்தான் தின்னும். முத்திரைக்காரர் தங்கையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

“குத்த இடமே இல்லையேம்மா.”

“பரவால்ல மாமா.”

“நல்ல பிள்ளை,” என்று அனுப்பிவிட்டார்.

தங்கை நிமிர்ந்தாள். ஆவுடையின் அச்சிலிருந்து ஓர் ஆணியை உருவினாள். இழை அறுந்தது.

சங்கிலி ஓடிவந்தான். “விட்டுட்டு வாட்டீ!”

“இன்னும் ஒரு சுத்து பாக்கேன். மாவு இருக்குல்லா,” என்றாள் ஆவுடை.

உள்ளிருந்து குற்றாலிங்கம் கேட்டார். “கோணல் போயிட்டாளால?”

“போயிட்டா அண்ணாச்சி.”

“இப்பத்தான் வீடு வீடா இருக்கு.”

தங்கை சங்கிலியின் முன்னால் வந்து நின்றாள். அவனுக்குப் பின்னால் இரண்டாவது அச்சு.

“கொஞ்சம் நகருங்க.”

அவன் நகரவில்லை. அவள் அவனைச் சுற்றிக்கொண்டு போனாள்.